அரை வேகத்தில் கேட்ட பாட்டு



நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

யூடியூப்பில் ஒரு பாட்டைத் திறந்து, ஓரத்திலுள்ள பற்சக்கர அடையாளத்தைத் தொட்டால் ‘வேகம்’ என்று ஒன்று வரும். 0.75, 0.5, 0.25 என்று இலக்கங்கள் இருக்கும். மீலாத் போட்டிக்குக் கஸீதா பழகும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் இப்போது இதை வைத்துத்தான் பழகுகிறார்கள். ஒரு வரியை 0.5 இல் போட்டுப் பத்துத் தடவை கேட்பது, சேர்ந்து முணுமுணுப்பது, பிறகு 0.75, பிறகு சாதாரண வேகம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். மாஷா அல்லாஹ், நன்றாகவும் பாடுகிறார்கள்.

ஆனால் நமது பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. “உஸ்தாத் இல்லாமல் போனைப் பார்த்துப் படிக்கிற படிப்பு என்ன படிப்பு?” என்று ஒருவர் என்னிடமே கேட்டார். கேள்வி நியாயமானது. பதிலுக்கு ஒரு சின்ன வரலாறு சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவு செய்த பாட்டின் வேகத்தைக் குறைத்துக் காதால் படிக்கும் பழக்கம் போனோடு வந்ததல்ல, நூறு வருடங்களுக்கு மேல் பழையது. அந்த வரலாற்றின் நடுவே நம்மைப் போன்ற சாதாரண முஸ்லிம் பெண்கள் சிலரின் குரலும் இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை, அதை உலமாக்களிடம் கேளுங்கள். நான் வரலாறு படிப்பிக்கும் ஆள். கீழே கருத்துப் பகுதியில் அந்தச் சண்டையைத் தொடங்க வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒருவர் பாடுவதைக் கேட்டு எழுதுவதில் உள்ள கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். நமது மூத்தம்மா ஒருவர் தாலாட்டுப் பாடுகிறார். ‘கண்ணே’ என்று இழுக்கும் இடத்தில் குரல் ஒரு சுழிப்புச் சுழித்து இறங்குகிறது. எத்தனை சுரம் அதற்குள் இருந்தது? பிடிபடவில்லை. “இன்னொருக்காப் பாடுங்க மூத்தம்மா” என்கிறோம். பாடுகிறார், ஆனால் சுழிப்பு வேறு மாதிரி வருகிறது. “கொஞ்சம் மெதுவாப் பாடுங்க” என்கிறோம். மெதுவாகப் பாடினால் அந்தச் சுழிப்பே வருவதில்லை! ஓடும்போது வரும் கால் வீச்சை நடந்து காட்டு என்று கேட்பது போலத்தான் அது. ஒரு உஸ்தாத் மெதுவாக ஓதிக் கொடுக்கலாம், பாடிக் கொடுக்கலாம். அது படிப்பிப்பதற்கென்று அவர் வேறாகச் செய்து காட்டுவது. மூத்தம்மாவுக்குப் படிப்பிக்கத் தெரியாது, பாடத்தான் தெரியும். அவர் பாடியது பாடியபடியே இருக்க வேண்டும், நமக்கு மட்டும் மெதுவாகக் கேட்க வேண்டும். மனிதரால் இது முடியாது. இயந்திரத்தால் முடிந்தது.

எடிசன் 1877 இல் போனோகிராப்பைச் செய்தார். குரலின் அதிர்வை ஊசியொன்று சுழலும் உருளையில் கீறிவைக்கும், அந்தக் கீறல் வழியே ஊசி திரும்பப் போனால் குரல் கேட்கும். முதலில் ஈயத்தகடு, பிறகு மெழுகு உருளை. 1890 இல் அமெரிக்காவில் ஜெஸ்ஸி வோல்டர் ஃபியூக்ஸ் என்ற ஆய்வாளர் இந்த இயந்திரத்தோடு மெய்ன் மாநிலத்துக்குப் போய் பாஸமாகுவாடி என்னும் செவ்விந்திய மக்களின் பாட்டையும் கதையையும் பதிவு செய்தார். ஒரு சமூகத்தின் பாட்டைத் தேடிப்போய்ப் பதிவு செய்த முதல் முயற்சிகளில் அது ஒன்று.

உருளையைச் சுழற்றுவது சாவி கொடுத்த சுருள்வில். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி இருந்தது. திருகினால் உருளை மெதுவாகச் சுழலும், பாட்டும் மெதுவாக வரும். ஆனால் கூடவே குரலும் தடித்து இறங்கும். வேகம் சரி பாதியானால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே போகும், பெண் பாடியது ஆண் பாடியது போலக் கேட்கும். நம் வீட்டு டேப் ரெக்கோடரில் பற்றரி இறங்கும்போது பாடகரின் குரல் பூதத்தின் குரலாக மாறியது நினைவிருக்கிறதா? அதேதான்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. திருகாணி அசைந்துவிட்டால் பாடியவரின் உண்மையான சுருதி எது என்று பிறகு தெரியாது. அதனால் பெர்லினில் 1900 இல் தொடங்கிய ஒலிப்பதிவகத்தைச் சேர்ந்தவர்கள், பதிவின் தொடக்கத்தில் சுருதிக் குழல் ஒன்றை ஊதிவிட்டுப் பிறகுதான் பாடவிட்டார்கள். அந்த ஊதல் சரியான சுருதியில் கேட்கும்வரை திருகாணியைத் திருப்பினால் பாட்டும் சரியான வேகத்தில் இருக்கும். எவ்வளவு எளிய வழி!

இங்கிலாந்தில் பேர்சி கிரேஞ்சர் 1906 இல் லிங்கன்ஷயர் கிராமங்களில் போனோகிராப்பில் பதிவு செய்து, உருளையை மெதுவாக ஓடவிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினார். அங்கேயும் நம் பெரியவர்களைப் போன்றவர்கள் இருந்தார்கள். நாட்டார் பாடல் சேகரிப்பதில் பெயர் பெற்ற செசில் ஷார்ப்புக்கு அந்த இயந்திரத்தில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, காதும் பென்சிலும் போதும் என்ற பக்கம் அவர். காதும் பென்சிலும் என்றால், கேட்பவருக்கு ஏற்கனவே தெரிந்ததுதான் தாளில் விழும். தெரியாதது நழுவிவிடும், அல்லது ‘கிழவர் பிழையாகப் பாடுகிறார்’ என்று திருத்தப்பட்டுவிடும். கிரேஞ்சர் அதை எதிர்த்தார். பாடுபவரின் ஒழுங்கில்லாத தாளம் பிழையல்ல, அதுதான் பாட்டு என்பது அவருடைய கட்சி. 1908 இல் இதை நீண்ட கட்டுரையாகவும் எழுதினார்.

இனி இந்தப் பதிவின் முக்கியமான ஆளுக்கு வருகிறேன்.

பேலா பார்டோக். 1881 இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர், நல்ல பியானோ வாசிப்பாளர். 1904 இல் ஒரு வீட்டுப் பணிப்பெண் வேலை செய்துகொண்டே பாடியதைத் தற்செயலாகக் கேட்டார். அதுவரை ‘ஹங்கேரிய இசை’ என்று நகரத்தார் சொல்லிக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவருக்குப் பட்டது. நண்பர் கோடாயும் அவரும் போனோகிராப்பைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். ஒரு உருளையில் சில நிமிடங்கள்தான் அடங்கும், ஆகவே ஒரு பாட்டின் ஓரிரு அடிகளை மட்டும் பதிவு செய்துவிட்டு மிச்சத்தைக் கையால் எழுதினார்கள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஊசி மெழுகைச் சற்றுத் தேய்க்கும். அதாவது கேட்கக் கேட்க அழியும் பொருள் அது. நம் பிள்ளைகள் ஒரு வரியை நாற்பது தடவை கேட்கிறார்கள், அந்தக் காலத்தில் அதற்கு விலை இருந்தது.

1913 ஜூன் மாதம் பார்டோக் அல்ஜீரியாவுக்குப் போனார். பிஸ்க்ரா என்ற பாலைவன நகரத்திலும் சுற்றியுள்ள தொல்கா, அல் கந்தரா, சிதி உக்பா ஆகிய ஊர்களிலும் அரபுக் கிராமத்து மக்களின் பாட்டைப் பதிவு செய்தார். சிதி உக்பா என்ற பெயரைக் கவனியுங்கள், உக்பா இப்னு நாபிஃ (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கும் ஊர் அது. கடும் வெயிலில் நோய்வாய்ப்பட்டுத் திட்டமிட்டதற்கு முன்பே திரும்பிவிட்டார். பிஸ்க்ரா அரபுகளின் இசை பற்றிய அவருடைய ஆய்வு 1920 இல் ஜெர்மன் மொழியில் வெளியானது. பின்னர் 1932 இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு நடந்தபோது அவரையும் அழைத்திருந்தார்கள்.

1934 இல் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பியானோ கற்பிக்கும் வேலையிலிருந்து அவரை விடுவித்து, ஹங்கேரிய விஞ்ஞானக் கழகத்தில் நாட்டார் பாடல்களை ஒழுங்குபடுத்தும் வேலையைக் கொடுத்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? தானே இருபத்தைந்து, முப்பது வருடங்களுக்கு முன் பதிவு செய்து எழுதி வைத்த பழைய உருளைகளைத் திரும்ப எடுத்துக் கேட்கத் தொடங்கினார். பழைய எழுத்தை வைத்துக்கொண்டு திருத்தினார். இளம் வயதில் ஒரே ஒரு நீண்ட சுரமாக எழுதிய இடத்தில் இப்போது பொடிப் பொடியாகப் பல சுரங்கள் வந்தன. பாட்டு மாறவில்லை, உருளை அதே உருளை, பாடியவர் எப்போதோ மௌத்தாகியிருப்பார். கேட்கும் காதுதான் முப்பது வருடத்தில் வளர்ந்திருந்தது. ஒரு தடவை எழுதிவிட்டோம் முடிந்தது என்று அவர் விடவில்லை. தரம் 6 பிள்ளைக்கு நான் திருத்திக் கொடுக்கும் கொப்பியை முப்பது வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும் பொறுமை எனக்கு வராது.

1936 நவம்பரில் துருக்கிக்குப் போனார். அஹ்மத் அத்னான் சாய்குன் என்ற துருக்கிய இசையமைப்பாளர் துணைக்கு வந்தார். அதானா, உஸ்மானியே பக்கத்துக் கிராமங்களிலும் தாரஸ் மலை நாடோடிகளிடமும் பதிவு செய்தார்கள். உஸ்மானியேயில் ஒரு முதியவர் பாடிய மெட்டு ஒரு பழைய ஹங்கேரிய மெட்டின் உடன்பிறப்புப் போல இருந்ததைக் கேட்டு பார்டோக் திகைத்துப் போனார். ஆனால் அந்தப் பயணத்தில் அவருக்கு ஒரு குறை இருந்தது. பெண்கள் பாட மறுத்துவிட்டார்கள். அந்நிய ஆண்கள் முன்னால், அதுவும் ஒரு பெட்டியின் குழாய்க்குள், எப்படிப் பாடுவது? நமக்கு இது விளக்கம் தேவைப்படாத விஷயம். பார்டோக்குக்கோ, தாலாட்டும் கலியாணப் பாட்டும் ஒப்பாரியும் பெண்களிடம் இருக்க, பாதிக் கிராமத்தின் குரல் இல்லாமல் திரும்புகிறோமே என்ற கவலை.

அந்தக் குரல் அவருக்கு வேறு வழியால், கடல் தாண்டி வந்தது.

அமெரிக்காவில் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மில்மன் பாரி என்று ஒரு இளம் கிரேக்க அறிஞர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் எப்படி ஆயிரக்கணக்கான அடிகளைப் பாட முடியும் என்பது அவருடைய கேள்வி, ஹோமரைப் புரிந்துகொள்வதற்காகக் கேட்ட கேள்வி. அதற்கு விடை தேடி 1933 இலும் பிறகு 1934–35 இலும் அன்றைய யூகோஸ்லாவியாவுக்குப் போனார். கைவிடாமல் நீண்ட பாட்டைப் பதிவு செய்ய, இரண்டு சுழல்தட்டுகள் உள்ள இயந்திரம் ஒன்றைச் செய்வித்து எடுத்துப் போனார். ஒரு தட்டு முடியும்போது மற்றத் தட்டு தொடங்கும். மெழுகுக்குப் பதில் அலுமினியத் தட்டுகள், 3,500 க்கும் மேல். அவர் சந்தித்த மிகப் பெரிய பாடகர் பியேலோ போல்யே பகுதியைச் சேர்ந்த அவ்டோ மெஜெடோவிச் என்ற முஸ்லிம். இறைச்சி வெட்டும் தொழில் செய்தவர், எழுத்து வாசனை இல்லாதவர். அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட ஒரு காவியம் மட்டும் 12,000 அடிகளுக்கு மேல்! ஆண்களின் இந்த வீரக் கதைப்பாட்டுக்குத்தான் பாரியின் பெயர் உலகத்தில் பரவியிருக்கிறது.

ஆனால் ஹெர்ஸகோவினாவில் காட்ஸ்கோ என்ற சிறிய மலையூரில் பெண்களின் பாட்டும் பதிவாகியது. பாடியவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். வீட்டுப் பாட்டு, காதல் பாட்டு, பிரிவுப் பாட்டு, அண்ணன் தங்கை கதை. துருக்கியில் நடக்காதது அங்கே நடந்ததற்கு பாரியின் உதவியாளர் அந்தப் பக்கத்து ஆளாக, அந்த மொழி பேசுபவராக இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பாரி 1935 டிசம்பரில் துப்பாக்கி வெடித்து இறந்துபோனார். வயது 33. தட்டுகள் ஹாவர்டில் கிடந்தன.

பார்டோக் 1940 இல் ஐரோப்பாவை விட்டு நியூயோர்க் வந்தார். நாஸிகளோடு ஒத்துப்போக அவருக்கு மனமில்லை, தாயாரும் முந்திய வருடம் காலமாகிவிட்டார். தன் வாழ்நாள் சேகரிப்பை புடாபெஸ்டில் விட்டுவிட்டு அகதி போல வந்த மனிதருக்கு, 1941 இல் கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு வேலை கொடுத்தது: பாரியின் தட்டுகளைக் கேட்டுச் சுரம் எழுதுவது. ஏற்கனவே உடல்நிலை சரியில்லை. பின்னாளில் உயிரைக் கொண்டுபோன இரத்தப் புற்றுநோயின் தொடக்கம் அது. ஏறத்தாழ இரண்டு வருடம், காட்ஸ்கோ பெண்களைக் கேட்டுக்கொண்டு அவர் அந்த அறையில் இருந்தார்.

சாதாரண வேகத்தில் ஒரு தடவை. எலும்புக்கூடு போல மெட்டின் பெரிய சுரங்கள் மட்டும் தாளில் விழும். பிறகு அரை வேகத்தில். பெண் குரல் ஆண் குரலாகிறது, ஒரு நொடிக்குள் முடிந்த சுழிப்பு இரண்டு நொடிக்கு விரிகிறது. அப்போதுதான் ‘குரல் நடுங்குகிறது’ என்று தோன்றியது நடுக்கமல்ல, எண்ணக்கூடிய சுரங்கள் என்று தெரிகிறது. நம் ஊரில் கர்நாடக இசை தெரிந்தவர்கள் கமகம் என்பார்களே, அதன் உறவு. பெரிய சுரங்களைப் பெரிய தலையோடும் இந்தப் பொடிச் சுரங்களைச் சின்னத் தலையோடும் எழுதினார். பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும் சுரத்துக்கு மேல் ஏறுவதாகவோ இறங்குவதாகவோ அம்புக்குறி போட்டார். அடுத்த அடியில் அதே இடம் எப்படி மாறுகிறது என்பதையும் அடியடியாகக் குறித்தார்.

இன்னொன்றையும் கவனித்தார். சில பாட்டுகளில் சொல்லின் நடுவே சட்டென்று வெட்டி நிற்பது, கடைசி அசையை வாய்க்குள் விழுங்கிவிடுவது. மேலோட்டமாகக் கேட்பவர் மூச்சுப் போதவில்லை, சொல்லை மறந்துவிட்டார் என்று நினைப்பார். பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது அது அந்தப் பக்கத்துப் பாடும் முறையின் ஒரு வழக்கம் என்று தெரிந்தது. பாடகரின் கவனக்குறைவு என்று தள்ளாமல் அதைப் பற்றி விளக்கமாகவே எழுதினார்.

75 பெண்கள் பாடல்கள் அப்படி எழுதப்பட்டன. பாரியின் மாணவர் அல்பர்ட் லோர்ட் பாட்டின் சொற்களையும் மொழிபெயர்ப்பையும் பார்த்துக்கொண்டார். புத்தகம் 1951 இல் வந்தது. பார்டோக் 1945 செப்டெம்பரிலேயே போய்விட்டார், அச்சில் பார்க்கக் கிடைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்தப் புத்தகத்தைப் பார்த்து யாரும் பாடிவிட முடியாது. பக்கத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்வது போல இருக்கும். அதைக் குறையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. எழுத்தறிவில்லாத ஒரு மலையூர்ப் பெண் வீட்டு வேலைக்கு நடுவே பாடிய நான்கு வரியில் இவ்வளவு நுணுக்கம் இருந்தது என்பதற்கு அது அத்தாட்சி. ‘சும்மா இழுத்துப் பாடுவது’ என்று இனி யாரும் சொல்ல முடியாது. பாடிப் பழக வேண்டுமென்றால் பதிவைத்தான் கேட்க வேண்டும், மெதுவாகக் கேட்க வேண்டும்.

அறிஞர்கள் ஒரு பக்கம் இப்படி எழுதிக்கொண்டிருக்க, எழுதத் தேவையில்லாத பையன்கள் இன்னொரு பக்கம் அதையே செய்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில் பிக்ஸ் பைடர்பெக் என்ற பதினைந்து வயதுப் பையன். முதலாம் உலக யுத்தம் முடிந்து அண்ணன் வீடு வந்தபோது ஒரு கிராமபோனும் புதிதாக வெளிவந்த ஜாஸ் இசைத்தட்டுகளும் வந்தன. பையன் வேகத்தைக் குறைக்கும் நெம்பைத் தள்ளிவைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாகப் பிடித்துக் கோர்னெட் என்ற ஊதுகருவியில் வாசித்தான். விரல் வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் அவனுடைய விரல்முறை கடைசிவரை புத்தகத்தில் உள்ளது போல் இருக்கவில்லை. அவனுடைய தனித்த ஓசைக்கும் அதில் பங்குண்டு என்பார்கள். 1931 இல், 28 வயதில் இறந்தாலும் ஜாஸ் வரலாற்றில் அவன் பெயர் நிலைத்துவிட்டது. உஸ்தாத் இல்லாமல் படித்தால் என்ன நடக்கும் என்று கேட்ட பெரியவருக்கு இது பாதிப் பதில். சிலது பிழையாக வரும், சிலது புதிதாக வரும்.

1950களில் வந்த ரெக்கோட் பிளேயர்களில் நான்கு வேகங்கள் இருந்தன: நிமிடத்துக்கு 78, 45, 33⅓, 16⅔ சுற்றுகள். கடைசியில் உள்ளது பெரும்பாலும் பேச்சுக்காக வந்தது, பார்வையற்றோருக்கான பேசும் புத்தகங்கள் போன்றவற்றுக்கு. ஆனால் 33⅓ இல் சரி பாதி 16⅔ அல்லவா? மின்னல் வேகத்தில் பாஞ்சோ வாசிக்கும் ஏர்ல் ஸ்க்ரக்ஸின் இசைத்தட்டை 16 இல் போட்டால் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, பாதி வேகத்தில் கேட்கும். சுருதி கூட்டாமல் குறைக்காமல் கூடவே வாசித்துப் பழகலாம். ஒரு தலைமுறை வாத்தியக்காரர்கள் இப்படித்தான் படித்தார்கள். பிறகு ஸ்பூல் டேப் வந்தது, கசட் வந்தது. அவற்றிலும் பாதி வேகம் உள்ள இயந்திரங்கள் இருந்தன.

இவ்வளவு காலமும் மெதுவாக்கினால் குரல் இறங்கும் என்ற கட்டு அவிழவில்லை. அதை அவிழ்க்க முயன்ற முதல் ஆட்களில் ஒருவரும் ஹங்கேரியர்தான்! புடாபெஸ்டில் பிறந்து இங்கிலாந்தில் வேலை செய்த டெனிஸ் காபோர். (பின்னர் 1971 இல் ஹோலோகிராம் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு பெற்றவர்.) 1946 இல் அவர் எழுதிய ஆய்வில், ஒலியைப் பொடித் துண்டுகளாகப் பார்க்கும் வழி இருக்கிறது. ஒலியை நொடியின் மிகச் சிறிய பங்குகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டையும் அதன் இயல்பான சுருதியிலேயே வைத்துக்கொண்டு, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி, சிலதை இரட்டிப்பாக்கி நீளமாக அடுக்கு. பாட்டு நீளும், சுருதி இறங்காது. ஓலைகளை நெருக்கி வைக்காமல் பரவ வைத்து வேலி கட்டுவது போல. 1966 இல் அமெரிக்க பெல் ஆய்வுகூடத்தில் ஃபிளனகனும் கோல்டனும் கணினியில் செய்யக்கூடிய வேறொரு வழியைக் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், இவர்கள் யாரும் பாட்டுப் பழகுபவர்களை நினைக்கவில்லை. தொலைபேசிக் கம்பியில் பேச்சைச் சுருக்கி அனுப்புவதுதான் நோக்கம். இன்று பிள்ளையின் போனில் 0.5 ஐத் தொட்டால் சுருதி மாறாமல் கஸீதா மெதுவாக வருவது அந்தப் பாதையால் வந்த வசதி. 0.25 இல் போட்டால் குரல் தத்தித் தத்திக் கேட்கிறதே, அதுவும் இதனால்தான். துண்டுகளை அளவுக்கு மேல் பரப்பினால் இடைவெளி தெரியும்.

பெரியவரின் கேள்விக்கு மற்றப் பாதிப் பதில்: போன் சுரத்தைக் காட்டும், மூச்சை எங்கே எடுப்பது என்று சொல்லித் தராது. சொல்லின் பொருளையும், எந்த இடத்தில் அடக்கம் வேண்டும் என்பதையும் சொல்லாது. 0.5 இல் படித்த பிள்ளையைக் கண்டுபிடிப்பது எளிது, சுழிப்பெல்லாம் சரியாக இருக்கும், வரியின் நடுவே மூச்சு முட்டும். அதனால் உஸ்தாதின் வேலை போகவில்லை. ஆனால் உஸ்தாதே இல்லாமல் போன பாட்டுகளுக்கு?

காட்ஸ்கோவுக்குத் திரும்புகிறேன். 1992 இல் பொஸ்னிய யுத்தம் தொடங்கியபோது அந்த ஊர் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், மிச்சமிருந்தவர்கள் துரத்தப்பட்டார்கள். அதே வருடம் மே மாதம் சரயேவோவில் கீழைத்தேயக் கல்விநிலையம் எரிக்கப்பட்டது, அரபு, பாரசீக, துருக்கியக் கையெழுத்துப் பிரதிகள் ஆயிரக்கணக்கில் சாம்பலாகின. ஓகஸ்டில் தேசிய நூலகமும் எரிந்தது. நூலகம் எரிந்தால் என்ன என்பதைத் தமிழில் வாசிக்கும் எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை, 1981 நமக்கு நினைவிருக்கிறது. ஊரோடு பெயர்த்து எறியப்படுவது என்ன என்பதும் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் ஒரு பையோடு புத்தளம் வந்து சேர்ந்த நம் குடும்பங்களுக்குத் தெரியும். உறுதிப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளையின் உடுப்பு. பாட்டை யாரும் பையில் வைப்பதில்லை.

காட்ஸ்கோ பெண்களின் பாட்டு ஹாவர்டில் அலுமினியத் தட்டுகளில் இருக்கிறது. பார்டோக் எழுதிய 75 பாட்டு புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகளில் யாராவது தங்கள் பாட்டி எப்படிச் சுழித்தாள் என்று அறிய விரும்பினால், அரை வேகத்தில் கேட்கலாம்.

இனி நம் ஊர் விஷயம். 80களிலும் 90களிலும் கலியாண வீடுகளில் கசட்டில் பதிவு செய்த குடும்பங்கள் இங்கே பல உண்டு. மாப்பிள்ளை அழைப்பு, பக்கீர் பாவாக்களின் றபான், பின்னால் பெண்கள் பகுதியிலிருந்து குரவைச் சத்தம், சில கசட்டில் மூத்தம்மாக்களின் கவியும் தாலாட்டும். அலுமாரியின் அடியில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. வீடு திருத்தும்போது குப்பையோடு போகிறது. தயவுசெய்து எறிய வேண்டாம். பூஞ்சணம் பிடித்த கசட்டை நேரே பிளேயரில் போடவும் வேண்டாம், நாடா ஒட்டியிருந்தால் அறுந்துவிடும்.

என்னிடம் ஒழுங்காக ஓடும் பிளேயர் ஒன்றும் கணினியில் ஏற்றும் வயரும் இருக்கிறது. சனி, ஞாயிறு பின்னேரங்களில் கொண்டு வரலாம். உறைமேல் யார் பாடியது, எந்த வீடு, ஏறத்தாழ எந்த வருடம் என்று எழுதிக் கொண்டு வாருங்கள், பார்டோக்கும் பாடியவரின் பெயரும் வயதும் ஊரும் எழுதாமல் எதையும் வைக்கமாட்டார். இன்னும் பாடும் மூத்தம்மாக்கள் வீட்டில் இருந்தால், பேத்திகளே போனில் பதிவு செய்யுங்கள். ஆண்கள் யாரும் அறையில் இருக்கத் தேவையில்லை. மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு, முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, இடையில் திருத்தாமல்.

பெண்களின் குரல் வெளியே போவதை விரும்பாத குடும்பங்கள் உண்டு, அது அவர்களுடைய உரிமை. எதையும் நான் இங்கே பகிரமாட்டேன், வட்ஸ்அப்பிலும் போடமாட்டேன். கசட் அன்றே உங்கள் கையில் திரும்ப வரும். கொப்பி பென் டிரைவில் உங்களுக்கு. பென் டிரைவை மட்டும் நீங்களே கொண்டு வாருங்கள்.